வேக்கம் பம்ப்பும் என் வலது பாதமும்

பரளச்சிக்குக் கிழக்கே ஒரு காட்டில் கரிமூட்டை ஏற்றப் போயிருந்தபோது என் வலது காலில் சீமைக்கருவேல முள் ஏறியது. செருப்பைத் துளைத்துக்கொண்டு, சுண்டுவிரலுக்குக் கீழே உள்ளங்காலுக்குள் போயிருக்கிறது. இப்போது இவ்வளவு விவரமாக எழுதுகிறேன். அன்றைக்கு எனக்கு எதுவும் தெரியாது. இருபது மூட்டைக் கரியோடு அருப்புக்கோட்டை வரை ஓட்டி வந்தேன். அதே காலால்தான் பிரேக் மிதித்தேன், ஆக்சிலேட்டரும் மிதித்தேன். ஒரு சுருக்குக்கூட இல்லை. வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றினால் அது காலை விட்டு வர மாட்டேன் என்கிறது. பிடித்து இழுத்ததில் முள் பாதி உடைந்து செருப்பில் நிற்க, மீதி காலுக்குள்ளே கிடந்தது. ஊசியால் கிளறி எடுத்துப் போட்டுவிட்டு, துணியைச் சுற்றிக்கொண்டு மறுநாளும் லோடுக்குப் போனேன்.

என் பெயர் பேச்சியம்மாள். வயது நாற்பத்து நான்கு. வீடு பாளையம்பட்டியில். ஒன்பது வருடமாகச் சொந்தமாகச் சின்ன லோடு வண்டி வைத்து ஓட்டுகிறேன். என் வீட்டுக்காரர் முனியசாமி ஒரு நூல் மில்லில் வாட்ச்மேன். அவருக்கு வண்டி ஓட்டத் தெரியாது. கரி, உரமூட்டை, கல்யாண வீட்டுப் பாத்திரம் என்று எது கிடைத்தாலும் ஏற்றுவேன். திருச்சுழிப் பக்கம் ஸ்டாண்டில் நின்றால் "பொம்பள வண்டி" என்று சிரித்தவர்கள் உண்டு. இரண்டாவது வருடம் அவர்களே எனக்கு லோடு பிடித்துக் கொடுத்தார்கள்.

வலிக்காத காயத்தை நான் காயமாகவே நினைக்கவில்லை. ஆறாம் நாள் காய்ச்சல் வந்தது. புறங்கால் பளபளவென்று வீங்கி, சுண்டுவிரல் கறுத்திருந்தது. வண்டிக்குள் ஏதோ செத்த நாற்றம் அடிக்கிறது, எலி கிலி செத்துக் கிடக்கிறதோ என்று சீட்டுக்கு அடியில் தேடினேன். நாற்றம் என் காலிலிருந்து வந்தது.

நெடுஞ்சாலையோரம் இருந்த ஒரு தனியார் ஆஸ்பத்திரிக்குப் போனோம். ரத்தம் எடுத்தார்கள். எனக்கு சுகர் இருப்பது அங்கேதான் தெரிந்தது. அதுவும் புதிதாக வந்தது இல்லையாம். மூன்று மாதச் சராசரியைக் காட்டுகிற ஒரு பரிசோதனை இருக்கிறது. அதைப் பார்த்துவிட்டு, பல வருடமாகவே இருந்திருக்கும் என்றார்கள். சுகர் பாதத்து நரம்புகளைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுவிடுமாம். அதனால்தான் முள் குத்தியது தெரியவில்லை.

அங்கே இருந்த டாக்டர் காலைப் பார்த்துவிட்டு என் வீட்டுக்காரரிடம் பேசினார்.

"முழங்காலுக்குக் கீழ எடுத்துட்டா உயிருக்குப் பயம் இல்லங்க."

"வேற வழி இருக்கா சார்?" என்று நான் கேட்டேன்.

அதற்கும் வீட்டுக்காரரைப் பார்த்தே பதில் சொன்னார். "அழுகினதை வெட்டிச் சுத்தம் பண்ணி, வேக்கம் மெஷின், அதான் காத்த உறிஞ்சுற மெஷின், வச்சுப் பாக்கலாம். வெளிநாட்டு மெஷின். தினசரி வாடகை. எத்தனை வாரம் ஆகும்னு சொல்ல முடியாது. ஆறும்னு உறுதியும் கிடையாது."

வாடகையைச் சொன்னார். நான் ஒரு வாரம் வண்டி ஓட்டினால் வருகிற காசு அந்த மெஷினுக்கு ஒரு நாளைக்கு வேண்டும். நர்ஸ் ஒரு தாளைக் கொண்டு வந்து என் வீட்டுக்காரர் கையில் கொடுத்தார். காலை எடுக்கச் சம்மதம் என்கிற தாள்.

"கால் என்னுது. தாளு ஏன் அவுக கைக்குப் போகுது?" என்றேன்.

கையெழுத்துப் போட வேண்டிய இடத்தை நர்ஸ் அவருக்கே விரலால் காட்டினார். வீட்டுக்காரர் பேனாவைப் பிடித்தபடி நின்றார்.

"கையெழுத்துப் போட்டுருவோம் பேச்சி. நீ இருந்தாப் போதும் எனக்கு."

"நான் எப்படி இருக்கணும்னு நான்தானங்க சொல்லணும்? தாளக் குடுங்க."

வாங்கி, நான்காக மடித்து மேசையில் வைத்தேன். "சார், நீங்க சொன்னது தப்புன்னு சொல்லல. இன்னொரு எடத்துல காட்டிட்டு முடிவெடுக்கிறேன்" என்று சொல்லிவிட்டு வீட்டுக்காரர் தோளைப் பிடித்து நொண்டிக்கொண்டே வெளியே வந்தேன். ஆட்டோவில் அவர் முகத்தை வெளிப்பக்கம் திருப்பிக்கொண்டார். கோபம் என்று நினைத்தேன். திரும்பிப் பார்த்தால் அழுதுகொண்டிருந்தார்.

அரசு மருத்துவமனையில் சீட்டு வாங்கி, மரபெஞ்சில் மூன்று மணி நேரம் காலை நீட்டி உட்கார்ந்திருந்தேன். என் கால் நாற்றத்துக்குப் பக்கத்தில் இருந்தவர்கள் ஒவ்வொருவராக எழுந்து போனார்கள். பெஞ்சு முழுக்க எனக்கே கிடைத்தது. படுத்தே விட்டேன். வந்து பார்த்த டாக்டரம்மாவுக்கு என்னைவிடப் பத்து வயதாவது குறைவாக இருக்கும். நாற்றத்துக்கு முகம் சுளிக்கவில்லை. இரண்டு விரலைப் புறங்காலில் வைத்து, கண்ணை மூடிக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார்.

"நாடி துடிக்குது" என்றார்.

அதன் பிறகு ஒரு ஸ்கேன். பேனா மாதிரி ஒன்றைக் காலில் வைத்து நகர்த்தினால், ரத்தம் ஓடுகிற சத்தம் கேட்கும். விஷ்க், விஷ்க் என்று என் காலிலிருந்து சத்தம் வந்தபோது வீட்டுக்காரர் முதல்முறையாக நிமிர்ந்து உட்கார்ந்தார். எலும்புக்குள் கிருமி எதுவரை போயிருக்கிறது என்று எக்ஸ்ரே எடுத்தார்கள்.

டாக்டரம்மா என்னைப் பார்த்துப் பேசினார். "பாதத்துக்கு ரத்தம் வருதும்மா. அது இருக்கிற வரைக்கும் காலைக் காப்பாத்தப் பாக்கலாம். ஆனா கடைசி ரெண்டு விரல் போகும். அதுல நான் பொய் சொல்ல மாட்டேன். கிருமி மேல ஏறுச்சுன்னா, நானே காலை எடுக்கச் சொல்லுவேன். அப்ப என்கூடச் சண்டை போடக் கூடாது."

"அப்பப் பாப்போம்" என்றேன். அவர் சிரித்துவிட்டார்.

முதுகில் ஊசி போட்டு, இடுப்புக்குக் கீழே மரத்துப்போகச் செய்து வெட்டினார்கள். செத்த சதை எல்லாவற்றையும் எடுத்தால்தான் பக்கத்துச் சதை பிழைக்கும். மறுநாள் கட்டைப் பிரித்தபோது பார்த்தேன். பார்க்க வேண்டாம் என்று கலா சிஸ்டர் சொன்னார். அந்த வார்டில் காயங்களுக்குக் கட்டுப் போடுகிறவர் அவர்தான். நான் பார்த்தேன். இரண்டு விரல் இருந்த இடத்திலிருந்து குதிகால் பக்கம் வரைக்கும் வெளிப்புறம் குழியாக இருந்தது. உள்ளே எலும்பு வெள்ளையாகத் தெரிந்தது.

"இது மூட வருசக்கணக்காகுமே சிஸ்டர்?"

"வெறும் கட்டுப் போட்டா ரொம்ப நாளாகும். வேக்கம் வச்சா சீக்கிரம் சதை வளரும். மெஷினு இப்ப ஒன்னுதான் இருக்கு. பக்கத்துக் கட்டில்ல ஓடிட்டு இருக்கு."

பக்கத்துக் கட்டிலில் ரங்கம்மா அக்கா இருந்தார். அறுபது வயது. நெசவுக் குடும்பம். மகளோடு போனில் தெலுங்கில் பேசுவார், போனை வைத்துவிட்டு எங்களோடு தமிழில் பேசுவார். அவர் கட்டில் கம்பியில் ஒரு வெள்ளைப் பெட்டி தொங்கியது. இரண்டு டிபன் பாக்ஸை அடுக்கிய அளவு. அதிலிருந்து ஒரு குழாய் அவர் காலுக்குப் போனது. கோயம்புத்தூர்ப் பக்கம் ஒரு சின்னப் பட்டறையில் செய்ததாம். வெளிநாட்டு மெஷின் விலையில் இந்த மாதிரிப் பல வாங்கலாம் என்று கலா சிஸ்டர் சொன்னார்.

நான்கு நாள் அந்தப் பெட்டியைப் பார்த்துக்கொண்டே படுத்திருந்தேன். அடுத்தவர் சோற்றுத் தட்டைப் பார்க்கிற மாதிரி இருந்தது, எனக்கே வெட்கமாக இருந்தது. ஐந்தாம் நாள் டாக்டரம்மா ரங்கம்மா அக்காவிடம் வந்து ரொம்ப நேரம் உட்கார்ந்து பேசினார். அவருக்குத் தொடையிலிருந்து கீழே ரத்தக்குழாய் அடைத்துப் போயிருந்தது. ரத்தம் வராத காலில் வேக்கம் வைத்தாலும் சதை வளராது. ரத்தக்குழாய் அடைப்பைத் திறக்க முயற்சி செய்தும் முடியவில்லை. காலை எடுக்காவிட்டால் உயிர் போய்விடும்.

டாக்டரம்மா போன பிறகு அக்கா என் பக்கம் திரும்பினார்.

"ஏன் மூஞ்சியத் திருப்பிக்கிற? பொட்டி உனக்குத்தான் வரப்போகுது."

"எனக்கு வேண்டாம்க்கா, இப்படி வர்றது."

"ஏ, கூறுகெட்டவளே. என் கால எடுத்தாலும் நான் தறிப் பக்கத்துல உக்காந்து நூலு சுத்துவேன். நீ காலில்லாம வண்டி ஓட்டுவியா? வாங்கி மாட்டு."

காலை எடுத்தால் தோற்றுப்போனதாக அதுவரை நினைத்திருந்தேன். அந்த நினைப்பை அக்கா அன்றைக்கே உடைத்தார். சம்மதத் தாளில் அவரே, தன் கையால், மெதுவாக முழுப் பெயரையும் எழுதினார்.

மறுநாள் எனக்கு மெஷின் மாட்டினார்கள். காயத்தின் அளவுக்கு ஸ்பாஞ்சை வெட்டிக் குழிக்குள் வைப்பார்கள். மேலே கண்ணாடிபோல் ஒட்டும் தாளைக் காற்று புகாமல் ஒட்டுவார்கள். தாளில் சின்னதாக ஓட்டை போட்டு, அதில் குழாயைப் பொருத்துவார்கள். மெஷினைப் போட்டதும் உள்ளே இருக்கிற காற்றை அது இழுக்கும். ஸ்பாஞ்ச் காய்ந்த திராட்சை மாதிரிச் சுருங்கும். காயத்தில் ஊறுகிற நீர் குழாய் வழியாகப் பெட்டியில் இருக்கிற டப்பாவுக்குப் போய்விடும். வீக்கம் வடியும், காயத்தின் ஓரம் உள்நோக்கி இழுபடும், ரத்தம் நன்றாக வரும்.

"எங்க வண்டி பிரேக்கு மாதிரி" என்றேன்.

டாக்டரம்மாவுக்குப் புரியவில்லை. டீசல் வண்டியில் இன்ஜினோடு ஒரு வேக்கம் பம்ப் சுற்றும். அது பிரேக் பூஸ்டரிலிருந்து காற்றை இழுத்து வைப்பதால்தான், லேசாக மிதித்தாலும் ஏற்றின வண்டி நிற்கிறது. வேக்கம் கசிந்தால் பிரேக் கல்லாகிவிடும். இதைச் சொன்னதும், "இத்தனை நாளா இதை மாட்டுறேன், இப்படி யாரும் எனக்குச் சொல்லல" என்றார். ஆஸ்பத்திரிக்கு வந்த நாளிலிருந்து எல்லாரும் எனக்கே சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். அன்றைக்கு நான் ஒன்று சொல்லிக் கொடுத்தேன்.

வீட்டுக்காரர் மட்டும் பெட்டியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

"வெல கம்மிங்கிறாகளே, தாங்குமா?"

"நம்ம வண்டியும் செகண்டுஹேண்டுதான். ஒம்போது வருசமா ஓடலையா?" என்றேன்.

முதல் நாள் நன்றாக ஓடியது. திரையில் நூற்று இருபத்தைந்து என்று நின்றது. அதுதான் இழுக்க வேண்டிய அளவு. இரண்டாம் நாள் காலையில் பீப் பீப் என்று கத்த ஆரம்பித்தது. எண் அறுபதுக்கு இறங்கியது. கலா சிஸ்டர் ஓரமெல்லாம் புதுத் தாள் ஒட்டினார். கொஞ்ச நேரம் நின்றது, மறுபடி கத்தியது. மூன்று முறை பிரித்து ஒட்டியாகிவிட்டது. உறிஞ்சாமல் மூடி மட்டும் வைத்திருந்தால் உள்ளே அழுக்கு நீர் தேங்கிக் கிருமி பெருகும். சாயங்காலம் லேசாகக் காய்ச்சல் அடித்தது.

மறுநாள் மதியம் டாக்டரம்மா வந்து நின்றார். முகம் சரியில்லை. "பாதத்துல இதை ஒட்டுறது கஷ்டம்மா. வளைவு, விரலிடுக்கு. மெஷின்லயும் கோளாறு இருக்கலாம். சீல் நிக்கலைன்னா எடுத்துடுறேன். காய்ச்சலும் வருது. நான் அன்னைக்குச் சொன்னது ஞாபகம் இருக்குல்ல?"

வீட்டுக்காரர் என் கட்டில் கம்பியைப் பிடித்தார். "டாக்டரம்மா சொல்றதக் கேப்போம் பேச்சி. போதும். போராடுனது போதும்."

"ஒரு நிமிசம் இருங்க" என்றேன். "சிஸ்டர், குழாய நசுக்கிப் பிடிங்க. காலுக்குப் பக்கத்துல, ஒட்டுத்தாளுக்கு முன்னாடி."

கலா சிஸ்டர் டாக்டரம்மாவைப் பார்த்தார். அவர் தலையாட்டியதும் குழாயை மடக்கி அழுத்திப் பிடித்தார். எண் ஏறியது. எண்பது, நூறு, நூற்று இருபத்தைந்து. கத்தல் நின்றது.

"பம்பு நல்லாருக்கு. குழாயும் நல்லாருக்கு. ஓட்டை என் கால்ல இருக்கு" என்றேன். "பிரேக்கு கல்லாயிருச்சுன்னா மெக்கானிக் ரப்பர் குழாய நசுக்கித்தான் பாப்பாரு. பம்பா கசிவான்னு உடனே தெரிஞ்சிரும். கசிஞ்சா உஸ்ஸுன்னு சத்தம் கேக்கும். காது குடுத்துத் தேடணும்."

வார்டில் மின்விசிறிச் சத்தம், ஆள் சத்தம், பக்கத்தில் ஒரு குழந்தை அழுகை. டாக்டரம்மா கழுத்தில் கிடந்த ஸ்டெதஸ்கோப்பைக் காதில் மாட்டினார். தட்டை என் பாதத்தின் ஓரமாக மெதுவாக நகர்த்தினார். விரலிடுக்கில் இல்லை. புறங்காலில் இல்லை. குதிகாலுக்கு வந்ததும் நின்றார். ஸ்டெதஸ்கோப்பைக் கழற்றி என் காதில் மாட்டினார்.

உஸ்ஸென்று கேட்டது. நன்றாகக் கேட்டது.

என் குதிகாலில் பித்தவெடிப்பு. வருடக்கணக்காகக் கரித்தூசியும் வெயிலும் பிளந்த வெடிப்பு. ஒட்டுத்தாள் மேலே வழவழவென்று ஒட்டியிருக்கிறது, அதற்கு அடியில் வெடிப்பு வாய்க்கால் மாதிரிக் காற்றை உள்ளே கொண்டுபோகிறது. மூன்று முறை ஒட்டியும் நிற்காததற்கு அதுதான் காரணம்.

"இத்தனை நாளா இந்த வெடிப்பு ஒரு விசயம்னே நெனைக்கலையே!" என்று கலா சிஸ்டர் தலையில் கை வைத்தார். பிறகு ஓடிப்போய் ஒரு பசை கொண்டு வந்தார். குடல் ஆபரேஷனில் வயிற்றில் பை வைத்தவர்களுக்கு, பையின் ஓரம் கசியாமல் இருக்கப் பூசுகிற பசை. தாளை முழுக்கப் பிரித்து, காயத்தைக் கழுவி, வெடிப்பு ஒவ்வொன்றிலும் அதை அடைத்து, பாதத்தையே மூடி ஒட்டினார். மெஷின் ஓடியது. நூற்று இருபத்தைந்து. நாங்கள் நான்கு பேரும் எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தோம். எண் இறங்கவில்லை. கிருமிக்கான மருந்தையும் டாக்டரம்மா மாற்றினார். இரண்டு நாளில் காய்ச்சல் விட்டது.

அதற்குப் பிறகு வீட்டுக்காரர் மாறிப்போனார். மில் வேலை முடிந்து வந்ததும் முதலில் திரையில் எண்ணைப் பார்ப்பார், அப்புறம்தான் என் முகத்தை. அடுப்படிப் பக்கம் வராத மனிதர், கேப்பைக் கூழ் காய்ச்சித் தூக்குவாளியில் கொண்டு வந்தார். முதல் நாள் கூழ் கட்டி கட்டியாக இருந்தது. ஒரு வார்த்தை சொல்லாமல் குடித்தேன். ரங்கம்மா அக்காவுக்குக் காலை எடுத்த பிறகு அவருக்கும் சேர்த்து இரண்டு தூக்குவாளி வந்தது. அக்காதான் வாய் திறந்தார். "இந்தக் கட்டியெல்லாம் உடைக்க எனக்குப் பல்லு எங்க இருக்குப்பா?" மறுநாளிலிருந்து கூழ் வழுவழுவென்று வந்தது.

பார்க்க வந்த சொந்தக்காரர்கள் சிலர் வண்டியை விற்கச் சொன்னார்கள். என் கொழுந்தன் ஆளையே கூட்டிக்கொண்டு வந்துவிட்டான், விலை பேச.

"மதினி, இனிமே சும்மா நிக்கிற வண்டிதான. டயரு வீணாப் போகும்ல?"

"டயரு வீணாப் போனா நான் மாத்திக்கிறேன் தம்பி. நீ போற பஸ்ஸுக்கு நேரமாச்சு" என்றேன்.

மூன்று நாளுக்கு ஒருமுறை ஸ்பாஞ்ச் மாற்றுவார்கள். தோல்தான் மரத்திருந்தது, உரிக்கும்போது உள்ளே வலித்தது. ஒவ்வொரு முறையும் நான் காலைப் பார்ப்பேன். முதலில் வெளுத்துக் கிடந்த குழியில் சிவப்பாகப் புள்ளிகள் வந்தன. பிறகு புள்ளிகள் சேர்ந்து, மாதுளை முத்துப் பரப்பின மாதிரி சதை மேலேறியது. எலும்பு மறைந்த அன்றைக்கு, அதைப் பார்த்துக் கலா சிஸ்டர் அடுத்த வார்டு நர்ஸையும் கூப்பிட்டுக் காட்டினார். குழி மேடாகி மட்டமானதும், தொடையிலிருந்து மெல்லிசாகத் தோல் சீவி எடுத்து மேலே வைத்துத் தைத்தார்கள். காலைவிடத் தொடை எரிந்தது அதிகம்.

காலை எடுக்கச் சொன்னால் எல்லாரும் மறுத்துவிடுங்கள் என்று நான் எழுதவில்லை. ரங்கம்மா அக்கா மறுத்திருந்தால் இன்றைக்கு இருக்க மாட்டார். இருக்கிறார். செயற்கைக் கால் மாட்டி, போனில் என்னை அதட்டுகிறார். நான் சொல்வது, காலுக்கு ரத்தம் வருகிறதா என்று கேளுங்கள். வேக்கம் வைக்க முடியுமா என்று கேளுங்கள். நம்மூரில் செய்த விலை குறைந்த மெஷின் எங்கே இருக்கிறது என்று கேளுங்கள். நம் காசுக்கு எட்டாத மெஷினை மட்டும் காட்டிவிட்டு, வேறு வழியில்லை என்று சொன்னால் உடனே தலையாட்டாதீர்கள்.

ஐந்தாவது மாதம், பாத அளவுக்குச் செய்த செருப்பைப் போட்டு, டாக்டரம்மா சரி என்ற பிறகு வண்டியை எடுத்தேன். வீட்டுக்காரர் பக்கத்தில் உட்கார்ந்து திருச்சுழி வரைக்கும் வந்தார். வழி முழுக்க, தன் காலடியில் இல்லாத பிரேக்கை அவர் மிதித்துக்கொண்டே வந்ததை நான் பார்த்தும் பார்க்காத மாதிரி ஓட்டினேன். சுகருக்கு இரண்டு வேளை ஊசி. தினமும் கண்ணாடி வைத்து இரண்டு உள்ளங்காலையும் பார்க்கிறேன்.

போன மாதம் பரிசோதனைக்குப் போயிருந்தபோது டாக்டரம்மா என்னை வார்டுக்குள் கூட்டிப் போனார். டிராக்டர் ஓட்டுகிற ஒருவர், ஐம்பது வயதிருக்கும், காலில் அதே மாதிரிக் குழியோடு படுத்திருந்தார். கட்டில் கம்பியில் மெஷின் தயாராகத் தொங்கியது. அன்றைக்குத்தான் மாட்டப் போகிறார்கள். அவர் வேண்டாம், காலை எடுத்துவிடுங்கள், வீட்டுக்குப் போகிறேன் என்று அடம்பிடித்துக்கொண்டிருந்தார். அவர் மனைவி தலைமாட்டில் நின்றார்.

நான் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, செருப்பைக் கழற்றிக் காலைத் தூக்கி அவர் கட்டில் ஓரத்தில் வைத்தேன். அவர் ரொம்ப நேரம் பார்த்தார்.

"வலிக்குமா?" என்று கேட்டார்.

டாக்டரம்மா என்னைப் பார்த்தார். பொய் சொல்லிவிடுவேனோ என்று பயந்தாரோ என்னவோ.

"வலிக்கும்ணே. கால் மரத்திருக்குன்னு நம்பாதீக. ஸ்பாஞ்ச உரிக்கிற அன்னைக்கு உசுரு போயிட்டு வரும்."

அவர் மனைவி வாயில் முந்தானையை வைத்துக்கொண்டார்.

"வந்துரும்ணே" என்றேன். "திரும்பி வந்துரும். மாட்டச் சொல்லுங்க."